பேருக்கு முன்னாடி ஒரு 'பி'

அமெரிக்க கோர்ட்டுகள்ல கறுப்பர்களுக்கு நடக்கற அநியாயம்னு பேச்சு வந்தாலே தப்பே செய்யாம ஜெயிலுக்குப் போன ஆளோட கதையைத்தான் எல்லாரும் எடுப்பாங்க, மனசு உருகும், சரிதான். எனக்கு அதை விட உறுத்தறது ஜார்ஜியா மாநிலத்துல நடந்த ரெண்டு கேஸ். ரெண்டு பேரும் நிரபராதின்னு வாதாட நான் வரல, விஷயமே அது இல்ல.

முதல் ஆள் வாரன் மெக்ளெஸ்கி. 1978ல அட்லாண்டால ஒரு ஃபர்னிச்சர் கடைக் கொள்ளை, அங்க வந்த வெள்ளைக்கார போலீஸ் சுடப்பட்டு செத்துட்டார், மெக்ளெஸ்கிக்கு மரண தண்டனை. அப்பீல்ல அவரோட வக்கீலுங்க பால்டஸ்னு ஒரு சட்டப் பேராசிரியர் செஞ்ச ஆய்வைக் கொண்டு வந்தாங்க. 2,000க்கு மேல கொலைக் கேஸ், 230 காரணிகள்னு அலசினாங்க, நிறம் சாராத 39 காரணிகளைக் கழிச்சுப் பாத்தாலும் செத்தவர் வெள்ளையரா இருந்தா மரண தண்டனை விழற வாய்ப்பு 4.3 மடங்கு அதிகமாம். யாரைக் கொன்னாங்கங்கறத வச்சு உயிருக்கு விலை போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

1987ல சுப்ரீம் கோர்ட் 5-4ல தள்ளிடுச்சு. ஆய்வு சரின்னே வச்சுக்குவோம், ஆனா உன் கேஸ்ல யாரு நிறத்தை மனசுல வச்சு முடிவெடுத்தாங்கன்னு நிரூபி, அப்படின்னுட்டாங்க. கூடவே, இந்த வாதத்தை ஒத்துக்கிட்டா மொத்த குற்றவியல் அமைப்பையே கேள்வி கேக்க வேண்டி வரும்னு வேற சொன்னாங்க (கேட்டா என்னவாம்!). மாற்றுத் தீர்ப்பு எழுதின நீதிபதி பிரென்னன் இதை நியாயம் அளவுக்கு மீறிக் கெடச்சிடுமோங்கற பயம்னு சொல்லியிருக்கார். 1991ல மெக்ளெஸ்கிய எலக்ட்ரிக் சேர்ல உக்கார வச்சுட்டாங்க. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதின நீதிபதி பவல், ரிட்டயர் ஆனப்புறம் அவரோட வாழ்க்கை வரலாறு எழுதினவர்கிட்ட அந்த ஓட்டை மாத்திப் போட்டிருப்பேன்னாராம். யாருக்கு என்ன பிரயோஜனம்?

சரி, நிறத்தை வச்சுத்தான் செஞ்சேன்னு எவனாவது எழுதி வச்சுட்டுப் போவானான்னு நாம கேப்போம், எழுதி வச்சிருக்காங்க. அதே 1987, அதே ஜார்ஜியா, ரோம்ங்கற ஊர்ல டிமோத்தி ஃபாஸ்டர்ங்கற கறுப்பின இளைஞர் மேல கொலைக் கேஸ். ஜூரியை, அதாவது கேஸைக் கேட்டு முடிவு சொல்ல உக்கார்ற பொதுமக்களை, நிறம் பாத்து கழிச்சு விடக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் முந்தின வருஷம்தான் சொல்லியிருந்துச்சு. இருந்தும் கடைசிச் சுற்றுல மிஞ்சின கறுப்பர் நாலு பேரையும் பிராசிக்யூஷன் நீக்கிடுச்சு, முழுசா வெள்ளை ஜூரி, மரண தண்டனை. கேட்டதுக்கு வேற வேற காரணம் சொன்னாங்க. ஒரு அம்மாவுக்கு வயசு கம்மியாம், 34. 21 வயசு வெள்ளையர் ஒருத்தர் ஓகே!

2006ல தகவல் சட்டத்துல கேட்டு பிராசிக்யூஷன் ஃபைலை வாங்கிப் பாத்தா, லிஸ்ட்ல கறுப்பர் பேர் எல்லாம் பச்சை மார்க்கர்ல கோடு, பேருக்கு முன்னாடி 'பி' (Blackங்கறதோட முதல் எழுத்து), கட்டாயம் வேண்டாம்னு எழுதின ஆறு பேர்ல முதல் அஞ்சும் கறுப்பர். 2016லதான் சுப்ரீம் கோர்ட் 7-1ல ஃபாஸ்டர் பக்கம் சொல்லுச்சு. கிட்டத்தட்ட முப்பது வருஷம், அதுவும் பேப்பரைக் கிழிச்சுப் போடாம விட்டதால.

அந்த நாலு பேரையும் நெனச்சுப் பாருங்க, அவங்க மேல எந்தக் கேஸும் இல்ல, குடிமகனோட கடமைன்னு கூப்பிட்டதால வந்தவங்க, அவங்களையும் மார்க்கர்ல கோடு போட்டு அனுப்பியிருக்காங்க.

இப்ப கலிஃபோர்னியால 2020ல ஒரு சட்டம் போட்டிருக்காங்க, உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்ல, புள்ளிவிவரத்தையே வச்சு வாதாடலாம். வட கரோலினால இது மாதிரி 2009லயே வந்துச்சு, 2012ல நாலு பேரோட மரண தண்டனை ஆயுளா மாறிச்சு, உடனே 2013ல சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. ஏற்கனவே மனு போட்டவங்க கேஸை நடத்தலாம்னு அந்த மாநில சுப்ரீம் கோர்ட் சொல்றதுக்கு 2020 ஆயிடுச்சு.