பகல் 11 மணிக்கு நின்றுபோகும் இணையம்

கொசப்பேட்டையில் இருக்கும் பெரியப்பா வீட்டில் சித்திரை பிறந்ததிலிருந்து ஒரே புகார். காலையில் நன்றாக வரும் இணையம் பகல் 11 மணி வாக்கில் நின்றுவிடுகிறது; மாலை 4 மணிக்கு மேல் யாரும் எதுவும் செய்யாமலே திரும்பி வந்துவிடுகிறது. வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால், ரவுட்டர் சூடேறி நின்றுபோகிறது என்றே வந்து பார்த்த அனைவரும் கூறினார்கள். அதை நம்பி இரண்டு முறை ரவுட்டரை மாற்றியாயிற்று. மூன்றாவது ரவுட்டர் வாங்குவதற்கு முன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். நான் இருப்பது காட்பாடியில். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அவர் வீடு. முதல் ரவுட்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே நான் போயிருக்க வேண்டும் என்ற வருத்தம் இப்போதும் எனக்கு உண்டு.

சூடு என்ற சந்தேகத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றின் விவரத்தாளில், 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் இயக்கலாம் என்றுதான் போட்டிருப்பார்கள். கத்திரி வெயில் நாட்களில் எங்கள் ஊர் அந்த எல்லையைத் தாண்டுவது வழக்கமே. ஆனால் சூட்டுக்கென்று ஓர் இயல்பு இருக்கிறது. அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுண்ணாம்புச் சுவர் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவு எட்டு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும்போது, 4 மணிக்கே ரவுட்டர் குளிர்ந்து சரியாகிவிட்டது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும். தெருத் திண்ணை, அதை ஒட்டிய முன் அறை, கூடம், நடுவில் முற்றம், அதற்கப்பால் பின்கட்டு. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. ஒன்றரை அடி கனம் இருக்கும். கண்ணாடி இழைக் கம்பி முன் அறைக்கு வந்து, இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் முடிகிறது. பெரியப்பாவின் கணினி பின்கட்டில் இருக்கிறது. அந்தச் சுவர்களைத் தாண்டி வைஃபை அங்கே போய்ச் சேராததால், மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ முன் அறை ஜன்னல் வழியாக ஒரு லேன் கேபிளை வெளியே எடுத்து, முற்றத்து இறவாணத்தை ஒட்டி இழுத்துப் போய், பின்கட்டில் இரண்டாவது ரவுட்டரைப் பொருத்தியிருந்தார்கள். மாற்றப்பட்டது இந்த இரண்டாவது ரவுட்டர்தான்.

நான் போய் உட்கார்ந்தபோது, "இங்க பாருப்பா, கோடெல்லாம் முழுசா இருக்கு, ஆனா ஒண்ணும் திறக்கல" என்று பெரியப்பா கைபேசியை நீட்டினார். வைஃபை அடையாளத்தில் தெரியும் கோடுகள் கைபேசிக்கும் அருகிலுள்ள ரவுட்டருக்கும் இடையே உள்ள அலையின் வலிமையை மட்டுமே சொல்லும். அந்த ரவுட்டருக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. நம் வீடுகளில் 'நெட் வரல' என்ற ஒரே சொல்லால் நான்கைந்து வெவ்வேறு நோய்களைக் குறிக்கிறோம். தெருவிலிருந்து வரும் இணைப்பு, வீட்டுக்குள் ஓடும் கம்பி, காற்றில் போகும் அலை, கையில் இருக்கும் கருவி ஆகியவற்றில் எது படுத்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போவதால்தான் பணம் வீணாகிறது.

பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கணினியின் கட்டளைத் திரையில் 'பிங்' என்று ஒரு சிறு கட்டளை இருக்கிறது. ஒரு முகவரியைக் கூப்பிட்டு, அங்கிருந்து பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அது காட்டும். பின்கட்டில் உட்கார்ந்தபடி மூன்று முகவரிகளைக் கூப்பிட்டேன். பின்கட்டு ரவுட்டரின் 192.168.0.1 உடனே பதில் சொன்னது. முன் அறைப் பெட்டியின் 192.168.1.1 பதில் சொல்லவில்லை. வெளியுலகைச் சேர்ந்த 8.8.8.8 என்ற முகவரியும் சொல்லவில்லை. கைபேசியோடு முன் அறைக்குப் போய் அங்குள்ள வைஃபையில் சேர்ந்தால் எல்லாம் வேலை செய்தது. ஆக, தெருவிலிருந்து வரும் இணைப்பு நலம். இரண்டு பெட்டிகளும் நலம். நோய் அவற்றுக்கு இடையில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் இவ்வளவு தெரிந்துவிட்டது.

கேபிளின் இரு முனைகளையும் கழற்றிச் செருகிப் பார்த்தேன்; ஒரு மாற்றமும் இல்லை. அன்று மாலை வழக்கம்போல் இணைப்பு தானாகவே திரும்பியது. எனவே முன் அறைப் பெட்டியை 10 வினாடிக்கு ஒரு முறை கூப்பிட்டு, பதில் வந்த வேகத்தையும் வராத நேரத்தையும் கோப்பில் குறித்துவைக்கும்படி கணினியில் ஒரு சிறு ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் நாள் 11.07-க்கு நின்று 3.52-க்குத் திரும்பியிருந்தது, இரண்டாம் நாள் 10.48-க்கு நின்று 4.10-க்குத் திரும்பியிருந்தது. நிற்பதற்கு முந்தைய அழைப்பு வரை பதில்கள் ஒழுங்காக, ஒரே வேகத்தில் வந்திருந்தன. சூட்டால் திணறும் கருவி பெரும்பாலும் அப்படி நிற்காது; தடுமாறித் தடுமாறித்தான் விழும். இது ஆள் கைபட்டு நிற்பது என்று அப்போதே தோன்றியது.

மூன்றாம் நாள் 10.30 மணிக்கே முன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். 11 மணிக்குச் சற்று முன், அனல்காற்று உள்ளே வருகிறது என்று பெரியம்மா எழுந்து வந்து ஜன்னல் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியில் லேன் விளக்கு அணைந்தது. கதவைத் திறக்கச் சொன்னேன், விளக்கு எரிந்தது. மறுபடி சாத்தச் சொன்னேன், அணைந்தது. வெயில் தாழ்ந்து காற்றுக்காக அவர் ஜன்னலைத் திறக்கும் நேரம்தான் அந்தக் கோப்பில் இருந்த 4 மணி.

கேபிளை எடுத்துப் பார்த்தபோது, கதவும் நிலையும் சேரும் இடத்தில் அது பனையோலை போலத் தட்டையாகிக் கிடந்தது. மேலுறையைப் பிளேடால் கீறிப் பிரித்தேன். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகள். பழுப்புச் சோடி முற்றிலும் அறுந்திருந்தது. பச்சைச் சோடியில் ஒரு கம்பி ஒடிந்து, முனைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு சோடிகள் போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். பழுப்பு எப்போதோ அறுந்துபோனதால்தான், 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் பின்கட்டில் எந்நாளும் 94-க்கு மேல் வந்ததில்லை. தொண்ணூற்றுச் சில்லறையிலேயே வேகம் நின்றால், அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால், முதலில் கம்பியைப் பாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

ஒடிந்த கம்பியின் முனையை மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுப் பூசிய மலிவான சரக்கு அது. அலுமினியம் மடங்க மடங்கச் செம்பைவிடச் சீக்கிரம் ஒடிந்துவிடும். வாங்கும்போது கடைக்காரர் எதிரிலேயே ஒரு நுனியைச் சுரண்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; முழுச் செம்பு என்றால் உள்ளேயும் சிவப்பாகத்தான் இருக்கும்.

முழுச் செம்பில் கேட்-6 என்ற வகை லேன் கேபிள் வாங்கிவந்து, ஜன்னல் நிலையின் மேல் மூலையில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அதன் வழியே கம்பியை எடுத்த பிறகு முனைகளைக் கட்டினேன். முனை கட்டிய கேபிள் அந்தத் துளையில் நுழையாது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்பது வரிசை. பச்சைச் சோடியின் நடுவே நீலச் சோடி வந்து உட்காருவது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும்; அழகுக்காகச் சோடி சோடியாக அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே வரிசை இருப்பதால் சிறு தூரத்துக்கு அது வேலை செய்வதுபோல் இருக்கும். ஆனால் மூன்றாம், ஆறாம் ஊசிகளுக்குப் போகும் கம்பிகள் ஒரே முறுக்கில் இல்லாமல் போவதால், நீளம் கூடக் கூடப் பிழைகள் பெருகும். முறுக்கு இருப்பதே ஒரு சோடியில் ஓடும் மின்குறிப்பு அடுத்த சோடியில் ஏறாமல் காப்பதற்குத்தான். ஆகவே முனையில் தேவைக்கு மேல் பிரிக்கவும் கூடாது.

கம்பி சரியானதும் இன்னொரு குறை கண்ணில் பட்டது. கூடத்தில் முன் அறை வைஃபையோடு சேர்த்திருந்த அச்சுப்பொறியைப் பின்கட்டுக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு வலையமைப்பை நடத்தி, முகவரிகளைத் தனித்தனியே வழங்கிக்கொண்டிருந்ததே காரணம். பின்கட்டு ரவுட்டரில் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 என்ற முகவரியைக் கொடுத்து, கேபிளை வேன் (WAN) எனப்படும் வெளி இணைப்புத் துளையிலிருந்து எடுத்து, வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளையில் செருகியதும் வீடு முழுவதும் ஒரே வலையமைப்பு ஆகிவிட்டது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுக்கும் ஒன்றே. அலைவரிசை எண் மட்டும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்பதால் முன்னதற்கு 1, பின்னதற்கு 11 என வைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் அந்தந்த அறைக்குள் வேகமாகக் கிடைக்கிறது. ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பெரியப்பா, "நெட்டு இன்னும் மெதுவாத்தாம்பா இருக்கு" என்றார். கணினி திறக்கவே ஆறு நிமிடம் ஆனது. அது இணையத்தின் குற்றமன்று. 500 ஜிபி வன்தட்டின் குற்றம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின், அதாவது தட்டின் சிறு பகுதிகளின், எண்ணிக்கை சுழியாக இல்லை. எச்சரிக்கையாக மஞ்சள் நிறம் காட்டியது. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. ஓரிடத்தைப் படிக்க முடியாவிட்டால் மறுபடி மறுபடி சுற்றி முயல்வதால், ஒரே ஒரு கெட்ட இடம் கணினியைப் பல நொடி உறைய வைத்துவிடும். இந்த நிலையில் வட்டைச் சீராக்குகிறேன் என்று பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓடவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சாகக்கிடக்கும் வட்டிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது கோப்புகள். யூ.எஸ்.பி.யிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை இயக்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு வட்டையும் இன்னொரு வட்டுக்கு நகலெடுத்தேன். நலமாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வருவதுதான் அதன் சிறப்பு. ஓர் இரவும் மறுநாள் பாதியும் ஓடியது.

பிறகு சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டைப் போட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தேன். பெரியப்பா ஒன்றைத் திறந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். வடாற்காடு மாவட்டம் 1989-இல் பிரிக்கப்படுவதற்கு முன்பிருந்தே போளூர்ப் பக்கம் ஆசிரியராக இருந்தவர் அவர். ஏரிகளையும் பாலாற்று ஊற்றுக்கால்வாய்களையும் பற்றி, ஊர் ஊராகக் கேட்டு எழுதிச் சேர்த்த குறிப்புகள் அவை. வேறெங்கும் படி கிடையாது.

எதுவும் அழியவில்லை. அவர் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும்; அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன, அவ்வளவே. நகலெடுத்த பழைய வட்டின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து நிறுவியதும் ஏரிகள் திரும்பி வந்தன. அதன் பிறகு ஒவ்வொரு கோப்பையும், தனி எழுத்துருவை நம்பியிராத பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம். இதில் அவசரம் கூடாது. இடையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொற்களும் மாற்றியில் அகப்பட்டுப் புரியாத தமிழாகிவிடுகின்றன; பக்கம் பக்கமாகப் படித்துத்தான் திருத்த வேண்டும். மூலக் கோப்புகளையும் எழுத்துருவையும் அப்படியே வைத்திருக்கிறோம். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் கணினியில் தமிழ் எழுதியவர்கள் வீட்டில் இருந்தால், கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் கணத்தில் பெட்டிகள் அணைந்து எரிவதைத் தடுக்க, இரண்டுக்கும் 12 வோல்ட் சிறு யூ.பி.எஸ். வாங்கியிருக்கிறோம். வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறிப்புகள் இப்போது கணினியைத் தவிர இரண்டு வெளி வட்டுகளில் இருக்கின்றன. ஒன்று கொசப்பேட்டையில் இருக்கும். மற்றொன்று காட்பாடியில் என்னிடம். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டையும் மாற்றிக்கொள்வது என்று பேசிவைத்திருக்கிறோம். முதல் வட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவந்து பீரோவில் வைத்தேன். உறையின் மேல் தேதியையும், உள்ளே பாமினி எழுத்துரு இருக்கிறது என்பதையும் பெரியப்பா தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.