ஆடிப்பட்டத்துக்கு உரம் தயார்: சல்லடையோடு ஒரு ஞாயிறு

மாசியில் குவித்த இலைதழை உரம் ஒருவழியாக மக்கிச் சலித்து மூட்டையில் ஏறிவிட்டது. எங்கள் நகர்ப் பொதுத் தோட்டத்தில் இதுவரை வந்ததிலேயே நல்ல உரம் இதுதான் என்று தைரியமாகச் சொல்வேன். கறுப்பாக, உதிரியாக, துளி நாற்றம் இல்லை. தூங்குமூஞ்சி மரத்துச் சருகை அள்ளி அள்ளிப் போட்டோம், பொடி இலை சீக்கிரம் மக்கிவிட்டது. நாட்டு வாதுமை இலை மட்டும் நரம்போடு முழுசாகக் கிடந்தது. அதை நறுக்காமல் போடுவது வீண்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு கூட்டம் களையெடுக்க, ஒரு கூட்டம் பாத்தி கட்ட, பெரியவர் ஒருவர் வழக்கம்போல நிழலில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்க்க, எல்லாம் தன்பாட்டில் நடந்தது. சலிப்பில்தான் இழுத்தது.

முந்தின சாயங்காலம் அடித்த மழையில் தார்ப்பாய் விலகி, குவியலின் மேல் பாதி ஊறிப் போயிருந்தது. ஈர உரம் சல்லடையில் இறங்காது. திரண்டு திரண்டு உருளும், கையால் தேய்த்தால் கண்ணியை அடைத்துக்கொள்ளும். நாங்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்த திருவண்ணாமலைப் பக்கத்து அக்கா ஒருவர், “ஈரத்தோட போட்டா கொழுக்கட்டதான் வரும் தம்பி, முதல்ல ஆற விடுங்க” என்று சிரித்தார். சரி என்று தார்ப்பாயை நிழலில் விரித்து, உரத்தை மெல்லிசாகப் பரப்பி, நடுநடுவே கிளறிவிட்டோம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். ஒரேயடியாகக் காயவிட்டால் புழுதி பறக்கும், உள்ளே இருக்கும் உயிர்களும் போய்விடும்.

இரண்டு பேர் பிடித்து ஆட்டும் சல்லடையை இந்த முறை ஓரங்கட்டிவிட்டேன். கொத்தனார்கள் மணல் சலிக்கிற சாய்வுச் சல்லடைதான் கூட்டத்துக்கு ஏற்றது. ரீப்பர் கட்டையில் சட்டம், அதில் அரை அங்குல வெல்டு மெஷ். கோழிவலை வேண்டவே வேண்டாம், நாலு மண்வெட்டி உரம் விழுந்ததும் தொப்பை போட்டுவிடும். சாய்வு 45 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். படுத்தால் உரம் அப்படியே உட்காரும், நிமிர்ந்தால் நல்லதும் மக்காத கப்பியோடு சறுக்கி ஓடும். மண்வெட்டியை மேல் பகுதியில் விசிறி வீச வேண்டும், கொட்டக் கூடாது. பின்பக்கம் ஒரு பொடியனைக் குச்சியோடு நிறுத்தி மெஷ்ஷைத் தட்டச் சொன்னால் அடைப்பே இல்லை. நாற்றுத் தட்டுக்கு மட்டும் இன்னொரு தடவை கால் அங்குலத்தில் சலித்தோம். கப்பியெல்லாம் புதுக் குவியலின் அடியில் போயிற்று.

நடுவில் பிள்ளைகள் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். சிமெண்டுத் தரையில் விட்டுப் பார்த்தோம். மல்லாந்தபடி முதுகால் ஊர்ந்து போனால் பூவண்டின் புழு, உரத்தை மக்க வைக்கிற ஜாதி, திரும்பக் குவியலுக்கே போகட்டும். சுருண்டு பக்கவாட்டில் கிடக்கிற தடித்த புழுவென்றால் தென்னையைக் கெடுக்கிற காண்டாமிருக வண்டாக இருக்கலாம். சுற்றிலும் தென்னை இருக்கிறதே, அவற்றைத் தனியாக வாளியில் எடுத்துவிட்டோம். பிள்ளைகளுக்கு அன்றைக்கு இதுதான் திருவிழா.

நாற்றுக் கலவைக்கு வாங்கின தென்னைநார்த் தூள் கட்டியைப் பற்றியும் புலம்பியாக வேண்டும். “கழுவினது” என்று சொல்லி விற்றார்கள். ஊறவைத்த தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது! மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகுதான் கலவையில் சேர்த்தோம். அடுத்த முறை வேறு கடை.

விதை விஷயத்தில் புடலைக்கு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 விதை போடலாம் என்று நினைக்கிறேன். காய் குட்டை ரகம், நுனியில் கல் கட்டித் தொங்கவிடும் வேலை மிச்சம். பந்தலுக்குச் சவுக்குக் கம்பு கேட்டிருக்கிறேன், அடியில் தார் பூசி நட்டால் கரையான் கொஞ்சம் தள்ளி நிற்கும். இரும்புக் குழாய்தான் போட வேண்டும் என்று மேற்பார்வைப் பெரியவர் அடம்பிடிக்கிறார். காசு அவர் தருவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டாவது குவியலை இன்னும் கிளறவே இல்லை, அடுத்த ஞாயிறு மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கையோடு எடுத்து வரவும்.