உயிரைக் காக்கும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா?

பழைய மன்னனின் அதிகாரம் உயிரைப் பறிப்பதில் இருந்தது, நவீன அரசின் அதிகாரமோ மக்களை வாழவைப்பதிலும் சிலரைச் சாக விடுவதிலும் இருக்கிறது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோ 1976-இல் ஆற்றிய உரைகளில் வாதிட்டார். 2020-இல் இத்தாலிய மெய்யியலாளர் ஜார்ஜோ அகம்பென் ஒரு படி மேலே போய், கொரோனா பெருந்தொற்றையே அவசரநிலைக்கான சாக்காகப் பார்த்தார். கொரோனா வார்டுகள் நிரம்பி வழிந்ததைக் கண்ட சென்னையில் அந்த வாதம் எடுபடாது.

ஆனாலும் அகம்பெனின் கவலையை அடியோடு தள்ளிவிட முடியவில்லை. பம்பாய் பிளேக்கை ஒட்டி ஆங்கில அரசு கொண்டுவந்த 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம், தேவையெனக் கருதும் கட்டுப்பாட்டை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரியை வழக்கிலிருந்து காக்கிறது, இழப்பீட்டை மட்டும் 'ஏதேனும் இருந்தால்' என்று போகிற போக்கில் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

இந்த அதிகாரம் கொரோனா காலத்தில் எங்கள் ஊரில் தொற்று வந்த வீட்டு வாசலில் ஒட்டிய அறிவிப்புத் தாளாகவும் தெருவை அடைத்து முனையில் அடித்த தகரமாகவும் வந்தது. தாள் நோயை எச்சரித்ததைவிட அந்த வீட்டாரை அக்கம்பக்கத்துக்குக் காட்டிக்கொடுத்ததே அதிகம் என்பது என் எண்ணம். தகுந்த அதிகாரியின் உத்தரவின்றி அத்தகைய தாள்களை ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் வந்துவிட்டது.

அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தியவர்கள், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குத் தண்டனையைச் சேர்த்தார்களே தவிர (அது தேவையானதுதான்), கட்டுப்பாட்டு ஆணைகள் குறிப்பிட்ட நாளில் தாமாகக் காலாவதியாக வேண்டும் என்றோ, நீட்டிப்பதானால் சட்டமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்றோ சேர்க்கவில்லை.