‘விளையாடலாம்’ என்று ஒரே ஒரு வரி

டாலஸ் பக்கம் எனக்குத் தெரிந்து நாலைந்து தமிழ் வீடுகளில் பிள்ளைகள் பேஸ்பாலில் பிட்சர்களாக (பந்து எறிபவர்களாக) இருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் போன மாதம் தனித்தனியாகக் கூப்பிட்டு, “உங்கள் பையனுக்கு முழங்கையில் பி.ஆர்.பி. ஊசி போட்டீர்களாமே, எப்படி?” என்று கேட்டார்கள். பி.ஆர்.பி. என்பது நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்து, அதில் ஒரு பகுதியைக் காயத்தில் போடுவது. ஊசியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது இருபது நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும் நடந்த கூத்துதான் ஒன்பது மாதம். இரண்டு முறை போனில் சொன்னதை மூன்றாவது முறை சொல்லச் சலிப்பாக இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

பையனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு, வலது கை. போன செப்டம்பரிலேயே ஆட்டம் சரியில்லை. மணிக்கு 78 மைலில் போய்க்கொண்டிருந்த பந்து 73க்கு வந்துவிட்டது, போடுவதெல்லாம் பேட்ஸ்மேனின் நெஞ்சுக்கு மேலே போகிறது, இன்னிங்ஸுக்கு இரண்டு மூன்று வாக் (நான்கு பந்து தவறாகப் போனால் பேட்ஸ்மேனுக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) கொடுக்கிறான். டிராவல் டீம் (பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் அணி) கோச் “தன்னம்பிக்கை போய்விட்டது, நிறைய எறிந்தால் வந்துவிடும்” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வாரத்துக்கு ஒரு தனி வகுப்புக்கு வேறு பணம் கட்டினேன். களைத்துப்போன கைக்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் எறியச் சொல்லியிருக்கிறோம், வேறென்ன சொல்வது. கட்டுப்பாடும் வேகமும் ஒரே நேரத்தில் போனால் முதலில் கையைப் பாருங்கள், மனசை அப்புறம் பார்க்கலாம்.

அக்டோபரில் ஒரு வார இறுதி டோர்னமென்ட். சனிக்கிழமை காலையில் 62 பிட்ச் (பேட்ஸ்மேனுக்கு எறியும் பந்து) போட்டான். மதியம் கேட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவன்) பையனுக்கு உடம்பு சரியில்லை என்று இவனையே கேட்சராக உட்கார வைத்தார்கள். ஞாயிறு அரையிறுதியில் ஆளில்லை என்று மறுபடியும் மவுண்டில் (பிட்சர் நிற்கும் மேட்டில்) ஏற்றி 31 பிட்ச். நானும் வேலிக்குப் பின்னால் நின்று கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. எம்.எல்.பி.யும் (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் அட்டவணைப்படி 15, 16 வயதுப் பையன் 61 முதல் 75 பிட்ச் வரை போட்டால் மூன்று நாள் ஓய்வு, 76ஐத் தொட்டால் நான்கு நாள். பிட்ச் போடுகிறவன் கேட்சராகவும் இருக்க வேண்டாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் இதையெல்லாம் படித்தது நவம்பரில்.

ஹைஸ்கூல் ஆட்டங்களில் பிட்ச் வரம்பு கட்டாயம் என்று 2017 முதல் விதி இருப்பதால், எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார் என்று நினைத்துவிட்டேன். பள்ளி தன் ஆட்டத்தை எண்ணும். டிராவல் டீம் தன் ஆட்டத்தை எண்ணினால் உண்டு. இரண்டையும் கூட்டுவது யாருடைய வேலையும் இல்லை.

திங்கள் ராத்திரி சாதத்தை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டதை அவன் அம்மாதான் கவனித்தாள். அப்புறம் துருவிக் கேட்டதில், மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டு வாரமாக அவ்வப்போது மரத்துப் போகின்றன என்றான். ஏண்டா சொல்லவில்லை என்றால், “சொன்னால் பிட்சர் வரிசையிலிருந்து தூக்கிவிடுவார்கள்ப்பா” என்கிறான். வீடியோ காலில் பார்த்த என் அம்மா உடனே புத்தூர் கட்டுக்கு டிக்கெட் போடச் சொன்னாள். எலும்பு முறியவில்லை அம்மா, இது நார் சமாச்சாரம் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

விளையாட்டுக் காயம் பார்க்கும் எலும்பு டாக்டர் நல்லவர். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு மூடாமல் இருக்கும், அதுவும் விரிசல் போலத் தெரியும் என்பதால் இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார். பிறகு கையை மடக்கி, வெளிப்பக்கமாகத் தள்ளி, நீட்டிப் பார்த்தார், பையன் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டான். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், வேகப்பந்து என்றால் முதுகும் முட்டியும்தான் போகும் என்று நினைத்திருந்தேன். இங்கே மடக்கிய கையைச் சாட்டை மாதிரி வீசுவதால் பாரமெல்லாம் முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கும் யு.சி.எல். என்ற ஒரு சின்னத் தசைநார்ப் பட்டையில் விழுகிறது.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. “போன 12 மாதத்தில் எத்தனை பிட்ச், எத்தனை இன்னிங்ஸ், எத்தனை மாதம் எறியாமல் இருந்தான்?” ஆஃபீஸில் நான் பார்ப்பதே டேட்டா வேலை. வீட்டுக்கு வந்து ஸ்கோர் ஆப், பள்ளி ஸ்கோர் ஷீட், என் போனிலிருந்த வீடியோ எல்லாவற்றையும் தோண்டிக் கூட்டினேன்: 1,840 பிட்ச், 112 இன்னிங்ஸ், பத்து மாதம் எறிந்திருக்கிறான். வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம், நான்கு மாதமாவது பிட்ச் போடாமல் இருக்கட்டும் என்கிறது அந்த அட்டவணை. இரண்டு கோட்டையும் தாண்டியிருக்கிறோம், அதுவும் ஆட்டத்தில் போட்டதை மட்டும் கணக்கில் எடுத்து.

இனி எம்.ஆர்.ஐ. கதை. மூட்டுக்குள் சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன்தான் வேண்டும், சின்னக் கிழிசல் அதில்தான் நன்றாகத் தெரியும் என்று டாக்டர் எழுதினார். இன்சூரன்ஸ் “ஆறு வாரம் பிசியோ செய்ததற்கு ஆதாரம் இல்லை” என்று நிராகரித்தது. க்ளினிக்கைக் கேட்டால் பேப்பர்களை ஃபேக்ஸ் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், இன்சூரன்ஸைக் கேட்டால் வரவில்லை என்கிறார்கள். இப்படியே பன்னிரண்டு நாள். கடைசியில் போனில் கிடைத்த ஒரு புண்ணியவதிதான் “உங்கள் டாக்டரை எங்கள் டாக்டரோடு நேரடியாகப் பேசச் சொல்லுங்கள், அதற்குத் தனி வழி இருக்கிறது” என்றாள். அதைக் க்ளினிக் தானாகச் செய்யாது, நீங்கள் கேட்க வேண்டும். கேட்டேன். டாக்டர் விரல் மரத்துப் போவதைச் சொன்னதும் பத்து நிமிடத்தில் அனுமதி வந்தது.

லீவு போட்டு, பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, 40 மைல் ஓட்டிப் போனால், ஸ்கேன் சென்டர் கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு “அனுமதி சாயம் இல்லாத ஸ்கேனுக்கு, ஆர்டர் சாயத்தோடு. இரண்டும் ஒத்துப்போகவில்லை” என்றார். அங்கிருந்தே க்ளினிக்குக்குப் போன் போட்டேன், மதிய உணவு இடைவேளை. திரும்பி வந்தோம். ஆகவே அனுமதி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த ஸ்கேனுக்கான குறியீட்டு எண்ணுக்கு (code) என்று கேட்டு, அது டாக்டர் எழுதிய எண்தானா என்று நீங்களே ஒத்துப் பாருங்கள். பேசியவர் பெயரையும் அழைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஸ்கேன் முடிந்தது. சி.டி.யை அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லி வாங்கினேன், எக்ஸ்ரேவுக்குக் கொடுத்த சி.டி. காலியாக இருந்த அனுபவத்தால்.

ரிசல்ட்: பகுதிக் கிழிசல், மேல் எலும்போடு ஒட்டும் முனையில். கீழ் முனையை விட மேல் முனைக் கிழிசல் ஆபரேஷன் இல்லாமல் ஆற வாய்ப்பு அதிகம் என்றார். டாமி ஜான் சர்ஜரி என்ற பெயரைக் கேட்டதும் பையன் முகம் வெளுத்துவிட்டது. 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முன்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார், அவரும் திரும்பி வந்து அதற்கப்புறம் மட்டும் 164 ஆட்டம் ஜெயித்தார். ஆனால் ஆட்டத்துக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். நமக்கு முதலில் ஓய்வு, பிசியோ, வேண்டுமானால் பி.ஆர்.பி. என்று முடிவானது. பி.ஆர்.பி. நிச்சயம் பலன் தரும் என்று டாக்டர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை, ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன என்றே சொன்னார். 2014இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் மசஹிரோ தனாகா பகுதிக் கிழிசலுக்கு அதைப் போட்டுக்கொண்டு ஆபரேஷன் இல்லாமலே பல வருடம் ஆடினார். இன்னொரு பிட்சர் ஷோஹெய் ஓடானி 2018இல் போட்டுக்கொண்டு அதே வருடம் ஆபரேஷனுக்கும் போனார். பையன் தனாகாவைப் பிடித்துக்கொண்டான், நான் ஓடானியை நினைத்துத் தூங்கவில்லை. இன்சூரன்ஸ் இதைப் பரிசோதனை நிலைச் சிகிச்சை என்று ஒதுக்கிவிட்டதால் 900 டாலர் கையிலிருந்து போனது.

இரண்டாவது வீண் அலைச்சல் முழுக்க என் தப்பு. ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை எதுவும் கூடாது. முந்தைய ராத்திரி பையனுக்குத் தலைவலி என்று நானே ஒன்று கொடுத்தேன். காலையில் நர்ஸ் கேட்டதும் அவன் உண்மையைச் சொன்னான், பத்து நாள் தள்ளிப்போட்டார்கள். தலைவலிக்கு டைலனால் (பாராசிட்டமால்) கொடுங்கள், அதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஊசிக்குப் பிறகும் சில வாரம் அதே தடைதான், ஐஸ் வைப்பதும் கூடாது என்றார்கள். இடது கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, மஞ்சளாக நிற்பதை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே வலது முழங்கையில் போட்டார்கள். மூன்று நாள் நல்ல வலி.

ஆறு வாரம் பந்தைத் தொடவில்லை. பிசியோவில் தோள்பட்டை, இடுப்பு, தொடை என்றுதான் ஆரம்பித்தார்கள், முழங்கை கடைசியில். ஜனவரிக் கடைசியில் 45 அடி தூரத்தில் 25 எறி, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு 25. பிறகு 60, 90, 120. வலித்தால் ஒரு படி கீழே. இதில் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகப் போனது.

மே மாதம் டாக்டர் கையைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சிரித்தார். மறுநாள் க்ளினிக்கிலிருந்து லெட்டர் வந்தது. அதில் இருந்தது ஒரே வரி: பேஸ்பால் விளையாடலாம், கட்டுப்பாடு இல்லை. பிசியோகாரர் வாயால் சொன்ன, படிப்படியாக ஏறும் 25, 35, 45 பிட்ச் வரம்பு எதுவும் அதில் இல்லை. நான் சந்தோஷத்தில் அதை அப்படியே புது கோடைக்கால டீமின் கோச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை அவனை ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக) போட்டுவிட்டார். மூன்று இன்னிங்ஸ்கூட முழுதாக இல்லை, 54 பிட்ச், ஆறு வாக், ஏழு ரன். நான் போய்க் கேட்டதற்கு, “லெட்டரில் எதுவும் போடவில்லையே” என்றார். நியாயம்தானே. சரி, மெதுவாகக் கொண்டுவருவோம் என்று அடுத்த வாரம் புல்பென்னுக்கு (நடுவில் இறங்கும் மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) மாற்றினார், எனக்கும் நிம்மதியாக இருந்தது. அது தப்பு என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் வார்ம் அப் செய்யச் சொன்னார்கள், உட்கார வைத்தார்கள். ஐந்தாவதில் மறுபடி எழுப்பி மறுபடி உட்கார வைத்தார்கள். ஏழாவதில்தான் உள்ளே போனான். ஆப்பில் 12 பிட்ச். வார்ம் அப்பையும் சேர்த்து வேலிக்குப் பின்னால் நான் எண்ணியது 61. கை 61ஐத்தான் எறிந்தது. ஆறி வரும் கைக்கு ரிலீவர் (மாற்றுப் பிட்சர்) வேலை லேசானது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். நாள் குறித்து, குறைந்த வரம்போடு, ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே போட்டுவிட்டு இறங்குவதுதான் இவனுக்கு நல்லது என்று பிசியோகாரரும் சொன்னார்.

புது லெட்டர் கேட்டால் க்ளினிக் முன் மேஜையில் “ஏற்கெனவே கொடுத்தாயிற்று, வேண்டுமானால் புது அப்பாயின்ட்மென்ட், மூன்று வாரம்” என்றார்கள். அங்கே நின்று வாதாடவில்லை. பிசியோகாரரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கினேன்: முதல் இரண்டு வாரம் 25, அடுத்த இரண்டு 35, பிறகு 45, வாரத்துக்கு ஒரே நாள், கேட்சர் கிடையாது, வார்ம் அப் செய்தால் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அதைப் பேஷன்ட் போர்ட்டலில் ஏற்றி, கையெழுத்து மட்டும் வேண்டும் என்று கேட்டேன். இரண்டே நாளில் டாக்டர் கையெழுத்தோடு வந்துவிட்டது. இந்த ஒன்பது மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான்.

கோச் பேப்பரைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். 2012இல் வாஷிங்டன் அணி, டாமி ஜான் சர்ஜரி செய்து திரும்பியிருந்த பிட்சர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்கை 159 இன்னிங்ஸ் சொச்சத்தில் நிறுத்திவிட்டு அவரில்லாமலே பிளே ஆஃப் போய்த் தோற்றதே, என்ன கிடைத்தது என்றார். 2019இல் அவருக்கு வேர்ல்ட் சீரிஸ் எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர் விருது) கிடைத்தது என்றேன். அதற்கப்புறம் அந்த மனிதர் உடம்பு சரியாகவே இல்லை என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பேப்பரை மதித்தார், அதற்கு நன்றி.

ஜூலையில் 45 வரம்புள்ள ஆட்டம். மூன்று இன்னிங்ஸ், ஒரே ஒரு வாக், வேகம் 77. நான்காவதில் இரண்டு பேர் அவுட், 44 பிட்ச் ஆகியிருந்தது, இன்னும் ஒருவன் பாக்கி. 45ஆவது பந்தைப் பேட்ஸ்மேன் ஃபவுல் (கோட்டுக்கு வெளியே) அடித்தான், அவன் இன்னும் அவுட்டாகவில்லை. கோச் வேலிக்குப் பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். மவுண்டுக்கு நடந்து போய் அவன் கையிலிருந்து பந்தை வாங்கினார்.

வீடு வரும் 35 நிமிடமும் பையன் என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது வலது கையால் பிசைந்து சாப்பிட்டான், நான் எண்ணிக்கொண்டிருக்கிறேனா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.