பவளத்துக்காக ஒரு தொட்டி: முதல் ஐந்து மாதங்கள்

வீட்டில் தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது "என்ன மீன்?" என்றுதான். நான் வைக்க நினைத்தது பவளங்களுக்கான தொட்டி. மீன் வருவதானால் கடைசியில், அதுவும் ஒன்றோ இரண்டோ. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இந்த வரிசையை எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆசை வந்த இடம் கடல்தான். தெற்குத் தீவுகளில் ஒன்றில், விடியற்காலையில் கடல் இறங்கியிருந்த நேரத்தில் நடந்து பார்த்தேன். சிங்கப்பூர்க் கடலில் சுமார் 250 வகைக் கல்பவளங்கள் இருக்கின்றன. பின்னால் கப்பல்கள் வரிசையாக நிற்க, முழங்கால் ஆழக் கலங்கல் தண்ணீரில் உள்ளங்கை அளவுப் பவளம் ஒன்று பச்சையாக விரிந்திருந்தது. ஒரு சின்னக் கல்லைக்கூட அங்கிருந்து எடுத்து வரக்கூடாது, எடுக்கவும் இல்லை. அந்தப் பச்சை மட்டும் மனதில் தங்கிவிட்டது.

தொட்டி 60×40×40 சென்டிமீட்டர். கணக்குக்கு 96 லிட்டர், கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 78 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. ஸ்டாண்டோடு சேர்த்து 140 கிலோவைத் தொடும் என்பதால் ஹாலின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வைத்தேன்.

அடுத்தது சூடு. இந்த ஊரில் பவளம் வளர்ப்பவர்களுக்குப் பாதித் திட்டம் இதுதான் என்பேன். வெறும் தண்ணீரும் பம்பும் விளக்கும் ஓட விட்டு ஒரு வாரம் அளந்தேன். மதியம் மூன்று மணிக்கு 30.4 டிகிரி. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பங்கு உணவைத் தயாரித்துக் கொடுக்கிறது. தண்ணீர் சூடேறி அப்படியே நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நம் கடலிலேயே இது நடந்தது. கடலில் நடந்தது ஹாலில் நடக்காதா?

முதலில் ஃபேன் வைத்துப் பார்த்தேன். சூடு 28 டிகிரிக்கு இறங்கியது, ஆனால் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியானது. உப்பு ஆவியாகாது, அதனால் நன்னீரைத்தான் ஊற்றி நிரப்ப வேண்டும். ஒரு நாள் மறந்தால் உப்பின் அளவு ஏறிவிடும். மழை நாட்களில் காற்றில் ஈரம் அதிகம், ஃபேன் அவ்வளவாக வேலை செய்யவில்லை. சரி என்று தண்ணீரைக் குளிர்விக்கும் பழைய சில்லர் ஒன்றைக் கரோசல் என்ற இணையச் சந்தையில் வாங்கினேன். இப்போது 26 டிகிரியில் நிற்கிறது. சில்லர் வெளியே தள்ளும் சூடு ஹாலுக்குள்தான் வரும், அதனால் அதை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "ஏன்டா, கல்லுக்கா ஏர்கான் போடுற?" என்று கேட்டார்கள். கல் இல்லை அம்மா, உயிர் என்று சொன்னேன்.

குழாய் நீரை நேரடியாக ஊற்றக்கூடாது. இங்கே நீரில் குளோரமைன் சேர்க்கிறார்கள், அது குளோரின் போல வாளியில் ஒரு நாள் வைத்தால் போய்விடாது. நீரில் கரைந்திருப்பதையெல்லாம் நீக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டி வாங்கினேன். இதற்குச் செலவழித்த பணத்தை நான் நினைத்து வருந்தியதே இல்லை.

காய்ந்த பாறைகளை அடுக்கி, உப்புநீர் நிரப்பி, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்வதற்காக அமோனியாத் துளிகள் விட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு பழுப்புப் பாசி படர்ந்து, தானாகவே அடங்கியது. எனக்கு இந்தத் தொட்டியில் வழிகாட்டி செங்காங்கில் இருக்கும் ஓர் அண்ணன். பல வருடமாகப் பவளம் வளர்ப்பவர். "தம்பி, முதல்ல தண்ணிய வளக்கணும், அப்புறம் பவளத்த வளக்கலாம்" என்று அவர் சொன்னதால்தான் அந்த ஐந்து வாரமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

யாரை எங்கே வைப்பது என்பதைக் காகிதத்தில் வரைந்தேன். பவளங்கள் நகராது என்றாலும் சண்டை போடும். டார்ச் பவளம் இரவில் நீளமான கொட்டும் இழைகளை நீட்டி அக்கம்பக்கத்தைச் சுட்டுவிடும். அதற்குச் சுற்றிலும் 15 சென்டிமீட்டர் காலியாக விட்டேன். ஸ்டார் பாலிப் என்ற மென்பவளம் பாய் விரித்தது போலப் பரவும், அதனால் அதற்கு மணலில் தனிக் கல். காளான் வடிவ மஷ்ரூமுக்கு வெளிச்சம் குறைந்த அடிப்பகுதி. அகான் என்ற சதைப்பற்றான கல்பவளம் நடுவில், என் நாற்காலிக்கு நேராக.

பவளத் தொட்டிகளில் பலரும் வைக்கும் ஜோவா என்ற பவள உறவு உயிரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பார்க்கப் பூப்போல இருக்கும் இந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், வெட்டாதீர்கள். அது ஒட்டியிருக்கும் கல்லின்மேல் கொதிநீர் ஊற்றவே கூடாது, அந்த ஆவியே ஆளைச் சாய்த்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தொட்டிக்கு மூடி அவசியம்.

பத்தாவது வாரம் டார்ச் சுருங்க ஆரம்பித்தது. நுனிகளின் பச்சை வெளிறி, தண்டு தெரிந்தது. மணல்மேல் சளி போன்ற பழுப்புப் படலம், அதில் குட்டிக் குட்டிக் குமிழிகள். அளந்து பார்த்தால் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே கிடைக்கும்? அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். அன்று மாலையே வந்து பார்த்தார். "தம்பி, பட்டினி போட்டுட்டீங்களே" என்றார்.

அவர் சொன்னது சரி. மீன் இல்லை, அதனால் கழிவு இல்லை. அதற்குமேல் நான் நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டினேன், பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்து வைத்தேன், வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றினேன். பவளத்துக்கும் அதன் பாசிக்கும் தேவையான கொஞ்ச நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும்கூட வடித்து வெளியே ஊற்றிவிட்டேன். மற்ற உயிர்கள் இளைத்த இடத்தில் அந்தச் சளிப் படலம் புகுந்துகொண்டது. முழங்கால் ஆழக் கலங்கல் நீரில் பார்த்த அந்தப் பச்சை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டல் பவளத்துக்கு நல்லதல்ல, ஆனால் கடல்நீர் ஒருநாளும் வெறுமையாக இருப்பதில்லை.

மருந்தை எடுத்துவிட்டேன். ஸ்கிம்மர் இரவில் மட்டும். தண்ணீர் மாற்றுவது வாரம் 10 சதவீதம். படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன், வாரம் மூன்று முறை உணவு போட்டேன். எல்லாம் சரியாவதற்கு ஆறு வாரம் பிடித்தது. இப்போது நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.05. அல்கலினிட்டி, அதாவது பவளம் தன் கூட்டைக் கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவு, 8.2 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), வாரத்துக்கு அரை டிகேஎச் இறங்குகிறது. அதை ஈடுகட்ட இந்தத் தொட்டிக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் ஆப்ப சோடா போதும், ஆர்ஓ நீரில் கரைத்து மெதுவாக விடுகிறேன். அம்மாவின் டப்பாவில் கை வைக்காமல் எனக்கென்று தனி டப்பா.

இரவு விளக்கு அணைந்து அரை மணி நேரத்தில் அகான் மாறிவிடுகிறது. பகலில் கொழுத்த சதைத் திண்டு போல இருப்பது, ஓரமெல்லாம் கண்ணாடி போன்ற இழைகளை நீட்டுகிறது. பிப்பெட் என்ற சின்னக் குழாயால் ஒரு மைசிஸ் இறாலை (மீன்தீனியாக விற்கும் குட்டி இறால்) மேலே விட்டால், இழைகள் ஒவ்வொன்றாக மடங்கி அதை நடுவுக்குத் தள்ளுகின்றன. நடுவில் ஒரு கோடு மெதுவாகத் திறக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் இறால் உள்ளே போய்விடுகிறது. சிவப்பு விளக்கில் பார்த்தால் அது பயப்படாமல் விரிந்தே இருக்கிறது.

அடுத்த மாதம் மீன். ஒரே ஒரு மஞ்சள் கோபி, கூட ஒரு பிஸ்டல் இறால். இறால் வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும், இரண்டும் பவளத்தைக் கடிக்காது. இறால் மணலைத் தோண்டுவதால், பாறைகள் கண்ணாடித் தரையில் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்று இந்த ஞாயிறு ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். நேற்று இரவு அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்தக் குழாயக் கொடு, இன்னைக்கு நான் ஊட்டுறேன்" என்றார்கள்.