அக்கா மகளுக்கு ஒரு நாவல்

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா வந்தால் என்ன வாங்கலாம் மாமா என்று அக்கா மகள் கேட்டிருந்தாள். யோசிக்காமல் சொன்னேன்: 'கமலாம்பாள் சரித்திரம்'.

வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமையர் அதை 'விவேக சிந்தாமணி' இதழில் 1893இல் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. நம் மதுரைப் பக்கத்துக் கிராமம்தான் களம். முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் நடுவயதுத் தம்பதி. கல்யாணத்துக்குப் பிறகான காதலை இத்தனை குறும்போடு எழுதியவர்கள் இன்றும் குறைவு. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் வம்பு இருக்கிறதே, அப்பப்பா! அந்த வம்பு கடைசியில் கமலாம்பாளின் ஒழுக்கத்தின் மேலேயே பாய்கிறது. கணவரும் நம்பிவிடுகிறார். அத்தனை படித்த மனிதர்! எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

பிற்பகுதியில் வேதாந்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். ராஜமையர் 26 வயதில் இறந்துவிட்டார், தமிழில் இன்னொரு நாவல் எழுதவில்லை.

அடுத்து ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974). ஒழுக்கம் என்று நாம் பேசுவதையெல்லாம் போட்டு உடைக்கிற நாவல். அதை அவள் கல்லூரி முடித்த பிறகு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.