அதுவும் மூளைதானா?

"அது அவர் இல்லம்மா, நோய்." நான் சொன்னது இவ்வளவுதான். என்னிடம் வந்த ஓர் அம்மாவின் கணவர், தன்னைப் பெற்ற தாயின் சாவு வீட்டில் சிரித்துக்கொண்டே இனிப்பு கேட்டாராம். சொந்தக்காரர்கள் முன்னால் கூனிக்குறுகி நின்றதைச் சொல்லிவிட்டு, "வேணும்னே பண்றாரா சார்?" என்றார் அந்த அம்மா. ஸ்கேனில் மூளையின் முன்பகுதி சுருங்கியிருந்தது. ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா, மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் மெல்ல அழியும் நோய். இவருக்கு வந்த வகையில் ஆரம்பத்தில் ஞாபகம் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். கூச்சமும் இரக்கமும்தான் முதலில் போகும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "இத்தனை வருஷம் என்னைத் தங்கமா வச்சிருந்தாரே, அப்போ அதுவும் மூளைதானா?"

"இல்லம்மா, அது அவர்தான்" என்றேன்.

கெட்டது நோய், நல்லது மனிதர். இது எப்படி நிற்கும்? ஆறுதலுக்குச் சொன்னதாக மட்டும் நான் நினைக்கவில்லை. இந்த நோயோ அல்சைமர் போன்ற வேறு நரம்புச் சிதைவு நோயோ வந்தவர்களின் குடும்பத்தினர் 248 பேரிடம் ஸ்ட்ரோமிங்கர், நிக்கல்ஸ் என்ற ஆய்வாளர்கள் விசாரித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'இவர் பழைய ஆளே இல்லை' என்ற எண்ணத்தை அதிகம் உண்டாக்கியது ஞாபக இழப்பு அல்ல, அறவுணர்வில் வந்த மாற்றம். ஆனால் அது குடும்பத்துக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைத்தான் சொல்கிறது. தோன்றுவதால் மட்டும் அது உண்மையாகிவிடுமா?

எனக்குப் பிடிபட்டது வேறு. ஸ்கேனில் ஒரு குறையும் இல்லாதவர் மனைவியை அடித்தாலும் மூளை இல்லாமலா அடிக்கிறார்? ஆனால் வெளியாள் வந்துவிட்டால் அவர் கை தானாக இறங்கிவிடுகிறது. தன்னை அடக்கத் தெரிந்தவர் அவர். இவரிடம் அந்த அடக்கும் திறனே அழிந்துகொண்டிருக்கிறது. மூளையா, மனிதரா என்று பிரிப்பதைவிட, அந்தத் திறன் இருந்ததா இல்லையா என்று கேட்பதுதான் சரி. அப்படிப் பார்த்தால் அந்தப் பழைய அன்பு அவருடையதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இருந்தாலும் மனம் அடங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மா அவரைத் திட்டுவதை விட்டுவிட்டார். நல்ல தூக்கம் வருகிறது என்றார். கூடவே, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவர் அங்கே இல்லாதவர் மாதிரி என்னிடம் பேசத் தொடங்கினார். கோபமும் மனக்கசப்பும் ஒருவரை மனிதராக மதிப்பதன் பகுதி என்று தத்துவவாதி பி.எஃப். ஸ்ட்ராசன் 1962இல் வாதிட்டார். கோபத்தை மட்டும் நான் எடுத்துவிட்டேனா, மதிப்பும் கூடவே போய்விட்டதா?

போன முறை இன்னொன்று கேட்டார். பையன் கல்யாணத்தின்போது நடந்த சண்டை, வீட்டை விட்டுப் போகச் சொன்னது, அது நோயா, அவரா? இந்த நோய் என்றைக்குத் தொடங்கியது என்று எந்த ஸ்கேனாலும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த அம்மாவுக்கு அந்தத் தேதிதான் வேண்டியிருக்கிறது.